டைனமோவில் கேட்ட குரல்

முப்பத்து மூன்று வயதில் எனக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது: கிழிக்கிற மாஸ்ரர். காலையில் ரியூட்டரி என்கிற ஒரு தனியார் வகுப்பில் கணக்குப் படிப்பிப்பேன். பின்னேரங்களில் ஊர்க்காரர் வெளியிட்ட பாட்டுக் கசற்றுகளைப் பற்றியும் கோயில் மேடைக் கச்சேரிகளைப் பற்றியும் ஒரு வாரப் பத்திரிகைக்கு அரைப் பக்கம் எழுதுவேன். என் பெயரைப் போடுவதில்லை. ஆனாலும் எழுதுவது யார் என்று யாழ்ப்பாணத்தில் பாடத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் நானும் நடந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். மின்சாரம் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. யுத்தம் காரணமாகப் பற்றரி குடாநாட்டுக்குள் வரத் தடை. பத்திரிகை பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சாகியது; நான் யாரையாவது திட்டிய வரிகளுக்குக் குறுக்கே நீலக் கோடு ஓடும். இவ்வளவுக்கும் சனம் பாட்டை நிறுத்தவில்லை. வெளியிலிருந்து புதுக் கசற் வருவது நின்றதும் ஆளாளுக்குத் தாங்களே வெளியிடத் தொடங்கினார்கள். அறைச் சுவரில் மெத்தையைச் சாய்த்து, யன்னலைச் சாக்கால் அடைத்து, கார் பற்றரியில் ஒலிப்பதிவு செய்வார்கள். பிறகு வெளியீட்டு விழா. மங்கள விளக்கு, வரவேற்புரை, ஆசியுரை, முதற்பிரதி வாங்கும் பிரமுகர், அவருக்கு ஒரு மாலை. பாட்டு முக்கால் மணித்தியாலம் என்றால் பேச்சு மூன்று மணித்தியாலம் போகும். நான் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பேன். மேடையில் இருப்பவர்கள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

கொழும்புத்துறையில் நாலு பெடியன்கள் கிற்றாரோடு காதற் பாட்டுக் கசற் ஒன்று போட்டார்கள். 'கடற்கரையில் பாடியிருக்கிறார்கள். மீன் ஓடிப்போனதற்கு வலைக்காரர்கள் நட்டஈடு கேட்கலாம்' என்று எழுதினேன். உடுப்பிட்டியில் ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் தன் ஊர் அம்மன் மேல் பத்துப் பாட்டுக் கட்டித் தானே பாடினார். 'அம்மன் பொறுமைசாலி என்பதற்கு இனி வேறு சான்று தேவையில்லை' என்று முடித்தேன். அவர் ஒரு மாதம் கோயில் பக்கமே போகவில்லையாம். இதை என்னிடம் வந்து சொன்னவர் கவலையோடுதான் சொன்னார். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

நான் கசற் கேட்ட விதத்தையும் சொல்லவேண்டும். எல்லா வீட்டிலும் செய்ததைத்தான் நானும் செய்தேன். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின் சில்லோடு சேர்த்து, அதிலிருந்து வயரை இழுத்து ரேப் றெக்கோடருக்குக் கொடுப்பது. யாராவது பெடலைச் சுற்றவேண்டும். மற்ற வீடுகளில் சுற்ற ஒருவர், கேட்க ஒருவர். எனக்குப் பக்கத்தில் ஆள் இருப்பது பிடிக்காது. ஒருவர் மூச்சு வாங்கினாலும் என் காது கலையும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்த காலம். ஒரு முக்காலியைப் போட்டுச் சைக்கிளுக்குப் பக்கத்தில் இருந்து, இடது கையால் பெடலைச் சுற்றுவேன். மடியில் கொப்பி. வலது கையால் குறிப்பு எழுதுவேன். மூன்று வருடம் இப்படித்தான் கேட்டேன். 'யாழ்ப்பாணத்தாருக்கு எல்லாம் உண்டு, சுருதி மட்டும் கிடையாது' என்றுகூட ஒரு முறை எழுதினேன். அதை மெச்சி வாசகர் கடிதம் வந்தது.

அந்தப் பெண் வந்தது ஒரு சனிக்கிழமை. ரியூட்டரி வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். தென்மராட்சியில், சாவகச்சேரிக்கு உள்ளே ஒரு கிராமம். இருபத்தெட்டு வயது இருக்கும். முறையாகச் சங்கீதம் படித்து எல்லாப் பரீட்சையும் பாஸ் பண்ணி, ஆசிரியர் நியமனம் வராமல் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தகப்பன் இல்லை. தாயும் அவளும்தான்.

"மாஸ்ரர், நீங்கள்தானே பேப்பரிலை பாட்டுகளைப் பற்றி எழுதுறது?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லுகினம்." கசற்றை இரண்டு கையாலும் நீட்டினாள். "எங்கடை கோயில் திருவிழா வருது. திருவிழா முடிவிலை பூங்காவனத்தண்டு பாட வெளியிலை இருந்துதான் ஆக்களைக் கூப்பிடுறவை. இந்த முறை நான் கேட்டனான். அண்டைய செலவைப் பொறுக்கிற உபயகாரர், பேப்பரிலை என்ன எழுதுகினம் எண்டு பாத்திட்டுச் சொல்லுறம் எண்டவர்."

"அப்ப நான் சரியெண்டாத்தான் மேடை."

"ஓம் மாஸ்ரர்" என்று சிரித்தாள். பிறகு, "அண்ணை கனடாவிலை இருந்து கதைச்சு அனுப்பின கசற்றிலைதான் உங்கடை பிரதியை அடிச்சது. வேறை கசற் கிடைக்கேல்லை. கடைசியிலை அவற்றை குரல் கொஞ்சம் கேக்கும். குறை நினையாதேங்கோ" என்றாள்.

சொந்த ஊர்க் கோயிலில், சொந்தப் பெயரில் ஒரு மேடை. அது கிடைத்தால் இன்னும் பிள்ளைகள் படிக்க வருவார்கள், வீடு நடக்கும். அவள் கேட்டது இவ்வளவுதான். அதைத் தருவதும் தராததும் என் கையில் என்று தெரிந்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு சந்தோஷம் வந்தது.

அன்று பின்னேரமே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஏழு பாட்டு. குரல், வயலின், மிருதங்கம், பின்னால் சுருதிப் பெட்டி. முதல் பாட்டு நன்றாகத் தொடங்கியது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. திட்ட ஒன்றும் இல்லாவிட்டால் அரைப் பக்கத்தை எதைக்கொண்டு நிரப்புவது? ஆனால் பாட்டு முடிவுக்கு வந்தபோது குரல் மெல்ல இறங்கியது. இரண்டாவது பாட்டும் அப்படித்தான். தொடக்கத்தில் நேராக நின்ற குரல் கடைசி வரியில் சேற்றில் கால் வைத்ததுபோல் அமிழ்ந்தது. வயலினும் கூடவே போனது. பாட்டு முடிய முடிய நான் ஆவேசமாக எழுதினேன். எழுத எழுதக் குரல் இன்னும் இறங்கியது.

நான் எழுதியதை இப்போதும் பாராமல் சொல்லுவேன். 'இந்தப் பாடகி ஒவ்வொரு பாட்டையும் வீட்டு வாசலில் தொடங்கிக் கிணற்றில் முடிக்கிறார். வயலின்காரர் விசுவாசமானவர், கூடவே குதிக்கிறார். சுருதிப் பெட்டியைக்கூட வழிதவற வைத்தவர் என்ற பெருமை இவரையே சேரும். கசற்றின் கடைசியில் ஓர் ஆண்குரல் அம்மாவிடம் சுகம் விசாரிக்கிறது. ஏழு பாட்டையும் கேட்டு முடித்தவருக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.'

பத்திரிகை ஆசிரியர் வாசித்துவிட்டு மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். "மாஸ்ரர், உங்கடை பகுதிக்குத்தான் சனம் இந்தப் பேப்பரை வாங்குது" என்றார். வெள்ளிக்கிழமை அச்சில் வந்தது. சந்தியில் ஒருவர் சைக்கிளை மறித்துக் கைகொடுத்தார். சுருதிப் பெட்டிப் பகிடியை ரியூட்டரி மாணவர்கள் ஒருவரை ஒருவர் நக்கலடிக்கப் பாவித்தார்கள்.

தென்மராட்சியில் நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்தது. உபயகாரர் வெளியூர்ப் பாடகர் ஒருவரையே ஒழுங்கு பண்ணிவிட்டார். இரக்கப்பட்டோ என்னவோ, சனம் வருவதற்கு முன்பு, பின்னேரம் மூன்று மணிக்கு அவளுக்கு அரை மணித்தியாலம் கொடுத்திருந்தார். பாட்டுப் படித்த பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பிள்ளைகளைத் தாய்மார் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இதைச் சொன்னவரிடம், "அவை நல்ல காரியம்தான் செய்திருக்கினம்" என்றேன்.

திருவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும். தங்கச்சியின் கல்யாணப் பேச்சு ஒன்றுக்காகச் சாவகச்சேரிக்குப் போயிருந்தேன். திரும்பும்போது சந்தைக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. கார் பற்றரியில் பாட்டுப் போட்டிருந்தார்கள். ஒரு பெண்குரல். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த நான் தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டேன். கடைசி வரியை அந்தக் குரல் எடுத்த விதம் இன்னும் எனக்குள் இருக்கிறது. மேலே போய், அவசரப்படாமல் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து, சுருதியில் அப்படியே போய் இருந்தது. நான் எழுதத் தொடங்கிய மூன்று வருடத்தில் அப்படி ஒரு முடிவை நான் கேட்டதில்லை.

"ஆர் அண்ணை பாடுறது? இந்தியாப் பாட்டோ?"

கடைக்காரர் கிளாசைக் கழுவியபடியே, "இந்தியாவோ! உங்கை உள்ளுக்குள்ளை இருக்கிற பிள்ளை. பேப்பரிலை ஒரு நாய் இதைக் கண்டபடி எழுதினதாம். நீங்கள் பாக்கேல்லையோ?" என்றார்.

"பாத்தனான்" என்றேன்.

"காது செத்தவன்போலை கிடக்கு."

"ஓம்" என்றேன். அடுத்த பாட்டுத் தொடங்கியது. சொற்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள். குரலைத்தான் நான் அறிந்திருக்கவில்லை.

பத்து மைலையும் ஒரே மூச்சில் மிதித்து வீட்டுக்கு வந்தேன். சட்டைகூடக் கழற்றவில்லை. சைக்கிளை நிறுத்தி, டைனமோவைச் சேர்த்து, அவள் தந்த கசற்றைப் போட்டேன். கொப்பியை எடுக்காமல் பெடலை மட்டும் ஒரே சீராகச் சுற்றினேன். குரல் கடைசி வரி வரைக்கும் நேராக நின்றது. தேத்தண்ணிக் கடையில் கேட்ட அதே குரல். பிறகு கொப்பியை மடியில் வைத்து, பேனையை எடுத்து, என்ன எழுதுவது என்று தெரியாமல் என் பெயரை எழுதினேன். குரல் இறங்கியது. விலாசத்தை எழுதினேன். இன்னும் இறங்கியது. நான் எழுதும்போது என் இடது கை மெதுவாகிவிடுகிறது. கை மெதுவானால் டைனமோவில் கரண்ட் குறைகிறது, கசற் இழுபட்டு ஓடுகிறது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும்தான் நான் நிறைய எழுதுகிறவன். அவளைத் திட்டிய ஒவ்வொரு வசனமும் அவள் குரலைக் கீழே இழுத்திருக்கிறது.

எனக்கு வெட்கம் வரவில்லை முதலில். பயம்தான் வந்தது. சுருதிப் பெட்டி தானாக இறங்காது. காற்றுக் குறைந்தால் சத்தம் குறையும், சுருதி மாறாது. சங்கீதம் படிக்கத் தொடங்கிய சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அது இறங்கியது என்று நானே அச்சில் போட்டிருக்கிறேன், அதுவும் பகிடியாக. யாராவது கண்டுபிடித்திருந்தால் என் மூக்கு அன்றைக்கே அறுபட்டிருக்கும். யாரும் கண்டுபிடிக்கவில்லை. கைகொடுத்தார்கள். இதற்கு முன்பு நான் கிழித்த கசற்றுகளை நினைத்துப் பார்க்கத் தொடங்கி, உடுப்பிட்டித் தபால் அதிபர் வரைக்கும் வந்து, நிறுத்திவிட்டேன்.

அடுத்த நாள் நாலு வரி எழுதிக்கொண்டு பத்திரிகைக்குப் போனேன். பிழை பாடகியுடையது அல்ல, என்னுடையது என்று. ஆசிரியர் இரண்டு தரம் வாசித்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"போடலாம் மாஸ்ரர். எனக்கு ஒண்டுமில்லை" என்றார். "ஆனா இதைப் போட்டாப் பிறகு நீங்கள் எழுதுறதை ஆர் நம்பப் போகினம்? மூண்டு வருசமா எழுதினதை எல்லாம் சனம் திருப்பிக் கிளறும். யோசிச்சுச் சொல்லுங்கோ."

நான் யோசிக்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் வேறு கதை கதைக்கத் தொடங்கினார், நானும் கதைத்தேன். போகும் வழியில் எனக்கு நானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டேன்: திருவிழாவில் அவள் பாடும்போது நேரே போய்க் கேட்டு, ஆகா ஓகோ என்று எழுதிவிடலாம். அவளுக்கும் பேர், எனக்கும் நட்டமில்லை. இந்த யோசனை வந்தபோது நான் ஒரு பெரிய மனிதன் என்றே நினைத்துக்கொண்டேன்.

பூங்காவனத்தன்று மூன்று மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்தேன். வெயில் கொளுத்தியது. கோயில் வீதியில் பந்தலுக்குக் கீழே முப்பது நாற்பது பேர், அதில் பாதிப் பேர் நிழலுக்கு ஒதுங்கியவர்கள். விமானம் வந்தால் ஓடிப் பதுங்க மேற்கு வீதியில் பங்கர் வெட்டியிருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு கச்சான் கடலைக்காரி கடை விரித்திருந்தாள். நான் வழக்கத்துக்கு மாறாக முன்வரிசையில் இருந்தேன். அவள் மேடைக்கு வந்து கும்பிட்டபோது என்னைக் கண்டாள். ஒரு நிமிஷம் முகம் வெளிறியது. பிறகு எனக்கென்று தனியாக ஒரு கும்பிடு போட்டாள்.

முதல் பாட்டு. ஒலிபெருக்கி இல்லாமலே பின்வரிசை வரைக்கும் போன குரல். நான் மனதுக்குள் பாராட்டு வசனங்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். கடைசி வரி வந்தது. அந்த வரி மேலே போய் இறங்கிவர வேண்டும். அவள் மேலே போனாள், அங்கேயே வெட்டி நிறுத்தினாள். வயலின்காரர் இரண்டு சுரம் தனியே வாசித்துவிட்டுத் திகைத்து வில்லை எடுத்தார். மிருதங்கம் அந்தரத்தில் நின்றது. கை தட்டுவதா வேண்டாமா என்று சனத்துக்குத் தெரியவில்லை.

இரண்டாவது பாட்டும் அப்படியே முடிந்தது. மூன்றாவது பாட்டிலும் கடைசி வரி வரும் முன்னம் அவள் கண் என்னைத் தேடியது, பிறகு வாய் மூடியது. எனக்குப் பின்னால் ஒருவர், "பேப்பரிலை போட்டது சரிதான், இந்தப் பிள்ளைக்கு முடிக்கத் தெரியாது" என்றார். பக்கத்தில் இருந்தவர் ஓமென்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. எழும்பிக் கத்தவேண்டும்போல் இருந்தது. தொடையை நுள்ளிக்கொண்டு இருந்தேன். அரை மணித்தியாலம் முடிய முன்பே உபயகாரர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் இறங்கிவிட்டாள்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். பத்திரிகையில் வேண்டாம், அவளிடம் மட்டுமாவது. விசாரித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கோயிலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி, கிடுகு வேலிக்குள் சின்ன வீடு. படலையைத் திறந்தவள் தாய். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஏசுவாள் என்று நினைத்தேன். "வாங்கோ தம்பி, இருங்கோ. வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறியள்" என்று கதிரையைத் தூசு தட்டினாள். அது ஏச்சிலும் மோசமாக இருந்தது.

அவள் மேடைச் சேலையோடேயே வெளியே வந்தாள். பின்னால் இரண்டு சின்னப் பெண்கள், பாட்டு வகுப்பை விடாமல் மிஞ்சிய இரண்டு மாணவிகள். நான் வாயைத் திறக்க முன்பு அவளே தொடங்கினாள்.

"வருவீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை மாஸ்ரர். கனபேர் உங்களை ஏசிச்சினம். நான் ஏசேல்லை. அடிச்ச அண்டையிலை இருந்து அந்தக் கசற்றை நான் ஒருக்காவும் போட்டுக் கேக்கேல்லை. எங்களிட்டைப் பற்றரியுமில்லை, றேடியோவுமில்லை. நீங்கள் எழுதினாப் பிறகுதான் எனக்கே விளங்கினது, முடிவிலைதான் நான் விழுறன் எண்டு. எவ்வளவோ சாதகம் பண்ணிப் பாத்தன். விழுறது எனக்குக் கேக்கவே இல்லை. கேக்காட்டி எப்பிடித் திருத்திறது? அதாலை அந்தக் கடைசி வரியை விட்டிட்டன்."

"தங்கச்சி..." என்றேன்.

"ஒரு நிமிசம் மாஸ்ரர்." பிள்ளைகளை முன்னே தள்ளினாள். "இவைக்கும் அப்பிடித்தான் இப்ப சொல்லிக் குடுக்கிறன். என்ரை பிழை இவையிலையும் ஒட்டக்கூடாதெல்லே. பாடிக் காட்டுங்கோ பிள்ளையள்."

பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு பாடினார்கள். ஒன்பது பத்து வயது இருக்கும். நல்ல குரல்கள், இரண்டும் அவளுடைய குரலின் குஞ்சுகள். கடைசி வரிக்கு வந்ததும், மேலே போன இடத்தில், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். மூடிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். தாய் தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

"இப்ப சரியோ மாஸ்ரர்?" என்று கேட்டாள் அவள்.

மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டைப் பைக்குள், அன்றிலிருந்து கூடவே கொண்டு திரிந்த அந்த நாலு வரி இருந்தது.

"ஓம், இப்ப சரி" என்றேன்.